நிலக்கடலைப் பூஞ்சையில் நஞ்சுக்குச் சுவிட்ச் போடுவது எது? அஃப்லாடாக்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலையில் பூசணம், கோழித்தீவனத்தில் நஞ்சு, பாலில் நஞ்சு என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தாவர நோயியல் மாணவர்களும் கேட்கிறார்கள், எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. பாதிக்கு மேல் மரபணு பற்றியது. சமையலறை பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

எந்தப் பூஞ்சையைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். மண்ணில், காய்ந்த சருகில், பழைய சாக்கில் எங்கும் இருப்பது. சொத்தைக் கடலையை இரண்டாகப் பிளந்து பாருங்கள். இரண்டு பருப்புக்கும் நடுவே இருக்கும் குழிவில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது இதுதான். வெளித்தோல் சுத்தமாக இருந்தும் உள்ளே இப்படி இருப்பது உண்டு.

அது சுரக்கும் நஞ்சுதான் அஃப்லாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. நஞ்சுக்குப் பெயர் வந்ததே பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான். புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வது பி வகை, பச்சையாக ஒளிர்வது ஜி வகை. பி1 தான் மிகக் கொடியது.

பூஞ்சை இருந்தாலே நஞ்சும் இருக்கும் என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள். பூஞ்சை வளர்வது ஒரு வேலை, நஞ்சு சுரப்பது வேறு வேலை. இரண்டுக்கும் வேண்டிய சூழல் ஒன்றல்ல. இந்தப் பூஞ்சை 37 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும், ஆனால் நஞ்சு மிகக் குறைவு. 28 முதல் 30 டிகிரிக்குள் வந்தால் நஞ்சு கொட்டும். வயலில் கிடைக்கும் ஃப்ளேவஸ் வகைகளில் பல, எந்தச் சூழலிலும் நஞ்சே செய்யாதவை. எதிர்ப்பக்கமும் உண்டு: பூசணம் கண்ணுக்குத் தெரியாத பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். பூஞ்சை செத்துப்போன பிறகும் நஞ்சு அப்படியே தங்கும்.

ஆகவே "பூசணம் இருக்கிறதா?" என்ற கேள்வியோடு நிறுத்தக் கூடாது. "நஞ்சுக்கான மரபணுக்கள் அங்கே விழித்துக்கொண்டனவா?" என்றும் கேட்க வேண்டும்.

அந்த மரபணுக்கள் எங்கே இருக்கின்றன?

ஃப்ளேவஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 3.7 கோடி டிஎன்ஏ எழுத்து நீளம், எட்டு நிறப்புரிகள் (குரோமோசோம்கள்). அதில் மூன்றாம் நிறப்புரியின் ஓரத்தில், சுமார் 70,000 எழுத்து நீளத்துக்குள் ஏறக்குறைய 30 மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நஞ்சு செய்யும் நொதிகள், அவற்றை இயக்கும் புரதங்கள் எல்லாம் ஒரே இடத்தில்.

வேலை எளிய பொருளில் தொடங்குகிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தும் கொழுப்பும் உடலில் சிதைந்து அசெட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறதே, அதே பொருள்தான் மூலப்பொருள். அதை முதலில் ஆறு கார்பன் துண்டாகக் கட்டி, பிறகு பாலிகீட்டைடு சிந்தேஸ் என்ற பெரிய நொதி நீட்டுகிறது. முதலில் கிடைக்கும் நிலையான பொருள் நார்சொலோரினிக் அமிலம். நல்ல ஆரஞ்சு நிறம். பிறகு அவெரஃபின், வெர்சிகலோரின், ஸ்டெரிக்மட்டோசிஸ்டின் என்று படிப்படியாக மாறி, 20க்கும் மேற்பட்ட வினைகள் முடிந்தால் அஃப்லாடாக்சின்.

இவ்வளவு செலவு செய்து ஒரு பொருளைச் செய்யும் உயிரி அதை எப்போதும் செய்துகொண்டிருக்காது. அதனால்தான் கட்டுப்பாடு இவ்வளவு அடுக்கடுக்காக இருக்கிறது.

அந்த 30 மரபணுக்களையும் ஒரே நேரத்தில் எழுப்புவது எது?

அஃப்ல்-ஆர் என்ற புரதம். அந்தத் தொகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு மரபணுவிலிருந்து வருவது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஆறு, இரண்டு துத்தநாக அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் அமைப்பு அதற்கு உண்டு. பூஞ்சைகளிடம் மட்டுமே காணப்படும் வகை. டிஎன்ஏவில் டி-சி-ஜி என்று தொடங்கி, நடுவே ஐந்து எழுத்து விட்டு, சி-ஜி-ஏ என்று முடியும் இடங்களைத் தேடி அது உட்காரும். நஞ்சுத் தொகுப்பின் மரபணுக்களில் பலவற்றின் முன்னால் இந்த எழுத்து வரிசை இருக்கிறது. அஃப்ல்-ஆர் உட்கார்ந்தால் மரபணு பேசும். அதை நீக்கிவிட்டால் மொத்தத் தொகுப்பும் மௌனம்.

அஃப்ல்-ஆருக்குப் பக்கத்திலேயே, எதிர்த் திசையில் வாசிக்கப்படும் அஃப்ல்-எஸ் என்ற இன்னொரு மரபணு உண்டு. அதன் புரதம் நேரடியாக டிஎன்ஏவைப் பிடிப்பதில்லை. அஃப்ல்-ஆரோடு சேர்ந்து அதற்குப் பலம் கொடுக்கிறது. மேலே சொன்ன வெப்பநிலைப் புதிருக்கு விடை இங்கேதான் கிடைத்தது. 37 டிகிரியில் இரண்டும் குறைகின்றன. அஃப்ல்-எஸ் மட்டும் மிக அதிகமாகச் சரிகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போவதால் மிச்சமிருக்கும் அஃப்ல்-ஆரும் சரியாக வேலை செய்வதில்லை. ஆக, அஃப்ல்-ஆர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வர முடியாது. துணையோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அஃப்ல்-ஆரை எழுப்புவது யார்?

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃப்ளேவஸின் உறவான ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ், பாதை முடியும் முன்பே ஸ்டெரிக்மட்டோசிஸ்டினோடு நின்றுவிடும். மரபியல் வேலைக்கு மிகவும் வசதியானது என்பதால் ஆய்வகங்களில் அதுதான் செல்லப்பிள்ளை. நார்சொலோரினிக் அமிலத்தை அடுத்த பொருளாக மாற்றும் நொதியை அதில் முடக்கிவிட்டால் ஆரஞ்சு நிறம் தேங்கிவிடும். பெட்ரித் தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஆரஞ்சு. கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். இப்போது அந்தப் பூஞ்சையின் வித்துகளில் (ஸ்போர்கள்) தாறுமாறாக மாற்றங்களை உண்டாக்கி, தட்டுத் தட்டாக வளர்த்து, எது வெளுத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். வெளுத்தவற்றில் சிலவற்றில் அஃப்ல்-ஆர் மரபணு பழுதில்லாமல் இருக்கிறது, ஆனால் பேசவே இல்லை. அப்படியென்றால் அதற்கு மேலே இன்னொன்று கெட்டிருக்கிறது.

அந்த இன்னொன்றுதான் லே-ஏ. அமெரிக்காவில் நான்சி கெல்லர் குழுவினர் 2004இல் அறிவித்தார்கள். அது நஞ்சுத் தொகுப்புக்குள் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. ஒரு தொகுப்பை மட்டும் ஆள்வதும் இல்லை: லே-ஏவை நீக்கினால் நிடுலன்ஸில் பென்சிலினும் போகிறது, லோவாஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தைச் செய்யும் டெர்ரியஸ் பூஞ்சையில் லோவாஸ்டேட்டினும் போகிறது. புரதத்தின் வடிவம் மெத்தில் குழு என்ற சிறிய வேதித் துண்டை மாற்றிவைக்கும் நொதிகளைப் போல இருக்கிறது. நிறப்புரியின் ஓரங்களில் இறுக்கமாகச் சுருட்டி மூடப்பட்டிருக்கும் பகுதிகளைத் திறந்துவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. தொகுப்பு திறந்தால்தானே அஃப்ல்-ஆர் உள்ளே போக முடியும்?

வெல்வெட் கூட்டு என்கிறார்களே, அது என்ன?

லே-ஏ தனியாக நிற்பதில்லை. வெல்-பி, வே-ஏ என்ற இரண்டு புரதங்களோடு சேர்ந்து நியூக்ளியஸுக்குள் ஒரு கூட்டாக நிற்கிறது. 2008இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் குழுவினர் இதைக் காட்டினார்கள். மூன்றில் வே-ஏ தான் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. வெளிச்சம் இருந்தால் அதில் பெரும்பகுதி நியூக்ளியஸுக்கு வெளியிலேயே நிற்கும். இருட்டானால் வெல்-பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், அங்கே லே-ஏ காத்திருக்கும். மூன்றும் சேர்ந்த பிறகு நஞ்சு தொடங்கும். ஃப்ளேவஸில் வே-ஏவை நீக்கினால் அஃப்லாடாக்சினும் இல்லை, ஸ்கிளரோஷியா எனப்படும் கறுத்த கெட்டி உருண்டைகளும் இல்லை. வறட்சியில் மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்க அந்த உருண்டைகள்தான் அதற்கு ஆதாரம்.

மண்ணுக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் விளைகிற கடலை இந்தப் பூஞ்சைக்கு எப்போதுமே இருட்டறைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கதி: உலகெங்கும் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் வளர்த்த நிடுலன்ஸ் வகைகளில் பெரும்பாலானவை வே-ஏ பாதி கெட்ட வகைகள். இருட்டிலும் தாராளமாக வித்துவிடும் என்பதால் எல்லோருக்கும் அதுவே வசதியாக இருந்தது. வெளிச்சத்தின் பங்கு இவ்வளவு தாமதமாகப் புரிந்ததற்கு அந்த வசதியும் ஒரு காரணம்.

சூழலில் எதையெல்லாம் பூஞ்சை கவனிக்கிறது?

உணவு, அமிலத்தன்மை, வெப்பம், ஈரம், ஆக்சிஜன் கழிவுகளால் வரும் நெருக்கடி.

குளுக்கோஸ், சுக்ரோஸ் போன்ற சர்க்கரை கிடைத்தால் நஞ்சு வரும். சிதைத்த புரதமான பெப்டோனில் மட்டும் வளர்த்தால் பூஞ்சை மட்டும் செழிக்கும். ஊடகம் அமிலப்பக்கம் சாய்ந்தால் நஞ்சு கூடும். காரமானால் பேக்-சி என்ற புரதம் குறுக்கே நிற்கும். நைட்ரஜனில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ளேவஸ் அம்மோனியம் கொடுத்தால் நஞ்சு செய்யும், நைட்ரேட் கொடுத்தால் அடங்கும். நிடுலன்ஸில் இது தலைகீழ். ஒரே பாதை, நெருங்கிய உறவு, ஆனால் எதிரெதிர்ப் பழக்கம். ஒரு பூஞ்சையில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதற்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது.

இந்தச் செய்திகள் உள்ளே போவதற்கு ஒரு வழி ஜி-புரதம். ஃபேட்-ஏ என்ற ஜி-புரதம் இயங்கும்வரை பூஞ்சைக்கு "வளர், வளர்" என்பதே கட்டளை. வித்தும் வராது, நஞ்சும் வராது. எஃப்எல்பி-ஏ என்ற இன்னொரு புரதம் வந்து அதை அணைத்தால் இரண்டும் தொடங்கும். வித்துவிடும் பருவமும் நஞ்சு சுரக்கும் பருவமும் ஏன் ஒட்டிப் போகின்றன என்பதற்கு விளக்கம் 1997இல் நிடுலன்ஸிலிருந்து இப்படித்தான் கிடைத்தது.

கடைசி நேர வறட்சியில் கடலைக்கு ஏன் இவ்வளவு நஞ்சு?

மானாவாரிக் கடலை போடுபவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அறுவடைக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் மழை இல்லாமல் போனால் அந்த வருடப் பருப்பு நம்ப முடியாது. மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது செடியின் பக்கம். ஈரமுள்ள பருப்பு பூஞ்சை தொட்டவுடன் ஸ்டில்பீன் வகை எதிர்ப்பொருள்களைச் சுரந்து தடுக்கும். பருப்பில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் அந்தச் சுரப்பு நின்றுவிடும். ஆனால் மிச்சமிருக்கும் ஈரமே பூஞ்சைக்குப் போதும். இரண்டாவது வெப்பம். இலை வாடிச் சுருண்டு நிலம் மூடாமல் போவதால் காய் கிடக்கும் மண் சூடேறி, நஞ்சுக்கு ஏற்ற 30 டிகிரி அளவில் நாள் கணக்கில் நிற்கிறது. மூன்றாவது, வறட்சியில் தவிக்கும் திசுவில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் கழிவுகள் பெருகுகின்றன. பூஞ்சை அதை ஆபத்துச் சமிக்ஞையாக வாசிக்கிறது. ஏபி-1, ஏடிஎஃப்-பி போன்ற நெருக்கடி உணரும் புரதங்கள், ஆக்சிஜன் கழிவைச் சமாளிக்கும் நொதிகளை எழுப்பும்போதே நஞ்சு மரபணுக்களையும் சேர்த்து எழுப்புகின்றன.

கொழுப்பிலும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. காயம்பட்ட பருப்பில் லினோலெயிக் அமிலம் ஆக்சிஜனோடு சேரும்போது, ஒன்பதாம் கார்பனில் சேர்ந்தால் வரும் பொருள் நஞ்சுக்குத் துணைபோகிறது. பதின்மூன்றாம் கார்பனில் சேர்ந்தால் வரும் பொருள் நஞ்சை அடக்குகிறது. பூஞ்சையும் தன் பங்குக்கு இதே குடும்பத்துப் பொருள்களைச் செய்து தன் வித்துகளுக்குச் செய்தி அனுப்புகிறது. செடியின் செய்தியைத் தன் செய்தியாக எடுத்துக்கொள்வது அதனால்தான் அதற்குச் சாத்தியமாகிறது.

அப்படியானால் அஃப்லாடாக்சின்தான் இந்தப் பூஞ்சை செடியைத் தாக்கும் ஆயுதமா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடலை, மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றில் பார்த்த அளவில் அப்படி இல்லை. நஞ்சே செய்யாத வகைகள் அதே அளவு விதையைப் பிடிக்கின்றன. தாக்குதலுக்கு உதவுவது செடியின் செல் சுவரிலுள்ள பெக்டினைக் கரைக்கும் நொதிகள், கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள், புரதத்தைச் சிதைக்கும் நொதிகள். பருத்திக்காயில் அறை விட்டு அறை பரவ ஒரு குறிப்பிட்ட பெக்டினேஸ் தேவைப்படுகிறது.

இருந்தாலும் நஞ்சுக்கும் தாக்கும் திறனுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடர்பு இருப்பது மேல்மட்டத்தில். லே-ஏவோ வே-ஏவோ இல்லாத ஃப்ளேவஸைக் கடலைப் பருப்பில் விட்டால் அது சரியாகப் பிடிப்பதில்லை, வித்தும் குறைவு. லே-ஏ இல்லாததைக் கூர்ந்து பார்த்தவர்கள், பருப்பின் எண்ணெயை அது ஒழுங்காகச் சிதைத்து உண்ண முடியவில்லை என்று கண்டார்கள். ஓலெயிக் அமிலத்தில் அதன் வளர்ச்சியே தடுமாறுகிறது. கடலை எண்ணெயில் பாதியளவு ஓலெயிக் அமிலம்தான்! தட்டிலேயே பார்க்கக்கூடிய வேறுபாடும் ஒன்று உண்டு: சாதாரண ஃப்ளேவஸின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கும். லே-ஏ இல்லாததன் மேல் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வித்துகளின் மேலிருக்கும் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடுகிறது.

ஆகவே நஞ்சு ஆயுதமல்ல. ஆனால் நஞ்சுக்கும் ஆயுதத்துக்கும் கட்டளை ஒரே இடத்திலிருந்து வருகிறது. மருந்து தேடுபவர்கள் நஞ்சுத் தொகுப்பை விட்டு இந்த மேல்மட்டத்தைக் குறிவைப்பது அதனால்தான். நானும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

எல்லா நோய்ப்பூஞ்சைகளிலும் இப்படித்தானா?

இல்லை. கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியம் கிராமினேரத்தில் நஞ்சே ஆயுதம். ட்ரை-5 என்ற ஒரே மரபணுவை முடக்கி டிஆக்சினிவாலினால் நஞ்சை நிறுத்தினால், நோய் கதிர் முழுக்கப் பரவாமல் தொட்ட இடத்தோடு தங்கிவிடுகிறது. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் நடுவாந்தரம். லே-ஏ இல்லாத ஃபியூமிகேட்டஸ் எலிகளில் வீரியம் குறைந்தது. ஆனால் கிளியோடாக்சின் என்ற அதன் நஞ்சை மட்டும் நீக்கிப் பார்த்தபோது, ஸ்டீராய்டு கொடுத்த எலிகளில் வீரியம் குறைந்தது. வெள்ளை அணுக்களே இல்லாமல் செய்த எலிகளில் வித்தியாசம் இல்லை. தாக்கப்படும் உடலின் நிலையைப் பொறுத்து பதில் மாறுகிறது.

செடிக்கு எதிராக இல்லையென்றால் எதற்காக இந்த நஞ்சு?

பூச்சிகளுக்கு எதிராக என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பழ ஈயின் புழுக்கள் பூஞ்சையையும் தின்னும், அதன் உணவையும் தின்னும். புழுக்கள் இருக்கும் தட்டில் நஞ்சு செய்யும் வகைக்குச் சாதகம், இல்லாத தட்டில் நஞ்சு செய்யாத வகைக்குச் சாதகம் என்று 2017இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. வயலில் இரண்டு வகையும் ஏன் சேர்ந்தே நீடிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்க்கவில்லை.

சோயா சாஸில் போடும் கோஜியும் இதே பூஞ்சைதான் என்கிறார்களே, பயமில்லையா?

கோஜி என்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே. ஃப்ளேவஸிலிருந்து ஜப்பானியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கி வளர்த்த வீட்டு வகை என்றே சொல்லலாம். நஞ்சுத் தொகுப்பின் எச்சம் அதில் இன்னும் இருக்கிறது. சில வகைகளில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. மற்றவற்றில் மரபணுக்கள் பழுதாகி அஃப்ல்-ஆர் பேசுவதில்லை. பயம் வேண்டாம்.

மனிதனுக்கு இது என்ன செய்கிறது?

இரண்டு விதமாக. நஞ்சாக உள்ளே போனால் கல்லீரல். பி1 தானாக ஆபத்தில்லை. கல்லீரல் நொதிகள் அதைக் கழிக்கப் போய் எபாக்சைடாக மாற்றுகின்றன. அது டிஎன்ஏவின் குவானின் என்ற எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. பி53 என்ற காவல் மரபணுவின் 249ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால், கல்லீரல் புற்றில் அது அஃப்லாடாக்சினின் கைரேகை. ஹெபடைடிஸ் பி தொற்றும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. மொத்தமாக உள்ளே போனால் சில வாரங்களிலேயே உயிர் போகும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்ட 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தார்கள். 2004இல் கென்யாவில் 317 பேரில் 125 பேர்.

பூஞ்சையாகவே உள்ளே போவது இன்னொன்று. தென்னிந்தியாவில் வயல்வேலையின்போது இலையோ உமியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் வரும் பூஞ்சைப் புண்களில் ஃபியூசேரியத்துக்கு அடுத்து அதிகம் காணப்படுவது ஆஸ்பர்ஜில்லஸ், அதிலும் ஃப்ளேவஸ். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கண்ணில் தூசு விழுந்து இரண்டு நாளில் வலியும் வெண்புள்ளியும் வந்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தானாக வாங்கி ஊற்றாதீர்கள். பூஞ்சைக்கு அது கதவைத் திறந்துவிடும்.

இந்த மரபணு அறிவால் வயலில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. நஞ்சு செய்யாத ஃப்ளேவஸை வயலில் தூவி, நஞ்சு செய்வதன் இடத்தைப் பிடிக்க வைப்பது இப்போதைக்குப் பெரிய அளவில் நடப்பது. அரிசோனா பருத்தி வயலில் கிடைத்த ஏஎஃப்-36, ஜார்ஜியா கடலையில் கிடைத்த அஃப்லா-கார்ட் இரண்டும் அமெரிக்காவில் விற்பனைக்கு இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் அஃப்லாசேஃப் என்ற பெயரில் அந்தந்த நாட்டு வகைகளையே எடுத்துச் செய்கிறார்கள்.

இன்னொரு வழி, செடியைக் கொண்டே பூஞ்சையின் மரபணுவை அடக்குவது. செடி செய்யும் சிறிய ஆர்என்ஏ துண்டுகள் பூஞ்சைக்குள் போய் நஞ்சு மரபணுவின் செய்தியை அழிக்கும். 2017இல் அரிசோனாவில் மக்காச்சோளத்தில் பாலிகீட்டைடு சிந்தேஸைக் குறிவைத்தார்கள். அடுத்த ஆண்டு ஹைதராபாத் அருகே படான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் கடலையில் நஞ்சுப் பாதையின் பிற்பகுதி மரபணுக்கள் இரண்டைக் குறிவைத்தது. இரண்டிலும் நஞ்சு ஏறக்குறைய அற்றுப்போனது. ஆனால் இவை மரபணு மாற்றிய பயிர்கள், கடைக்கு வரவில்லை.

தூவிவிட்ட நல்ல வகை திரும்பக் கெட்டதாகிவிடாதா?

நியாயமான கேள்வி. ஃப்ளேவஸ் பாலினப் பெருக்கமே செய்யாது என்று நெடுநாள் நம்பினார்கள். 2009இல் அதுவும் நடக்கிறது என்று தெரிந்தது. அதாவது இரண்டு வகைகள் மரபணுவைக் கலந்துகொள்ள வழி இருக்கிறது. ஏஎஃப்-36இல் பாலிகீட்டைடு சிந்தேஸ் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கிறது, மற்ற மரபணுக்கள் முழுசாக இருக்கின்றன. அஃப்லா-கார்டில் தொகுப்பே மொத்தமாக இல்லை. பக்கத்திலிருக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற இன்னொரு நஞ்சின் மரபணுக்களும் இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது மாதிரி வகைகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். களத்தில் ஏஎஃப்-36 கெட்டுப்போனதால் தொல்லை வந்தது என்று யாரும் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

வேகவைத்தால் போகாது. அஃப்லாடாக்சின் சிதைய 230 டிகிரிக்கும் மேல் வேண்டும். வறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பொறுக்குவதுதான் மிக நல்ல வழி. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையில் சில பருப்புகளில் மட்டும் பயங்கரமாகக் குவிந்திருக்கும். சுருங்கியது, நிறம் மங்கியது, ஓட்டை விழுந்தது, கசப்பது எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். பொறுக்கியதைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். அங்கே போனால் திரும்பி வரும். மாடு தின்ற பி1இல் ஒரு பங்கு, எம்1 என்ற வேறு வடிவமாகப் பாலில் இறங்கும். கொதிக்கவைத்தாலும் அது போகாது.

செக்கு எண்ணெய் பற்றி அதிகம் கேட்கிறார்கள். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும், ஒரு பகுதி எண்ணெயில் கலங்கலாகத் தங்கும். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்குகிறது. செக்கில் அந்தப் படி இல்லை. எனவே செக்கு எண்ணெய் நல்லதா என்பது, என்ன கடலையை ஆட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. நான் வாங்கும் இடத்தில் பருப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அறுவடைக்குப் பிறகு கடலையைத் தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காயவைத்து, பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை கட்டுங்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று ஆட வேண்டும். ஓடு உரிப்பதற்காகத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. காயவைத்த வேலையெல்லாம் அதில் போய்விடும். இந்தியாவில் மேற்கொண்டு பதப்படுத்தும் கடலைக்கான வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன்னுக்கு 15 மில்லிகிராம். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ஏற்றுமதிச் சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.